அப்பாவின் மாத்திரை டப்பா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ஒரு காலத்தில் கரோல் பாகிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்த டப்பா. இப்போது அதில் இருப்பது சர்க்கரை நோய் மாத்திரைகள். (விதியின் விளையாட்டைப் பாருங்கள்!)

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். படித்தது பி.காம்., பிழைப்பு பாங்க்கில், சொந்த ஊர் லால்குடிப் பக்கம். பதினெட்டு வருஷமாக டெல்லி, அதில் பாதிக்கு மேல் மயூர் விஹார். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் பில் கட்டுவதுதான். அப்படிப்பட்டவன் மாத்திரைகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு ராத்திரிதான் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஜனவரி. அப்பாவும் அம்மாவும் பேரனைப் பார்க்க டெல்லி வந்திருந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. ஊரில் இருந்தால் ஸ்ரீரங்கம் போயிருப்பார், இங்கே வீட்டோடு விரதம். காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "விரதம்னா சாப்பாடுதான்டா கூடாது. மாத்திரையை நிறுத்தலாமா?" என்று எனக்கே பாடம் எடுத்தார். ராத்திரிக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். இரண்டு வேளையும் மாத்திரை, ஒரு வேளையும் சாப்பாடு இல்லை.

ராத்திரி எட்டரை மணிக்கு என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன எங்கள் சித்தப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே ஆறு டிகிரி குளிர், அவருக்கோ சட்டை நனைய வியர்வை. களைப்பு என்று நினைத்தேன். அம்மா பக்கவாதமோ என்று பயந்தாள். கீழ்வீட்டு மலையாள சேச்சி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். 38. 'நூற்று முப்பத்தெட்டா?' என்று கேட்டேன். இல்லை, வெறும் 38. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம்.

அப்போது அப்பாவால் விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது.

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. "சின்னதா வெள்ளையா இருக்கும்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். ஆனால் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பத்து பத்தாக வாங்காமல், ஆறு ஏழு என்று கத்தரித்து வாங்கிய ஸ்ட்ரிப். பெயர் இருந்த பாதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது. கடைசியில் லால்குடியில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, பூட்டைத் திறக்க வைத்து, மருந்துச் சீட்டை போனில் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னோம். கிளிபென்கிளமைட்.

குளுக்கோஸ் ஏற்றி 160-க்கு வந்த சர்க்கரை, ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி 52-க்கு இறங்கியது. இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கு எண்ணெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். பெற்ற தகப்பன் தினமும் போடும் மாத்திரையின் பெயர் தெரியாது. அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

அப்பாவைச் சாய்த்த மாத்திரையின் குடும்பப் பெயர் சல்ஃபோனில்யூரியா. இது பிறந்ததே ஒரு விபத்தில்தான். 1942, பிரான்சில் மோன்பெலியே நகரம், உலகப் போர் நடக்கிற நேரம். மார்செல் ஜான்போன் என்ற டாக்டர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார். போர்க்காலம், எல்லோரும் அரைப்பட்டினி. சிலருக்கு வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது, சிலர் இறந்தே போகிறார்கள். காரணம் தேடினால், ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. அதே ஊரில் இருந்த அகஸ்ட் லூபாதியேர் நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். கணையம் இருக்கும் நாய்க்குச் சர்க்கரை இறங்கியது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இந்த மருந்து கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று புரிந்தது.

கவனித்தீர்களா? பட்டினி கிடந்தவர்கள், இந்த மருந்து, தாழ்ந்துபோன சர்க்கரை. 1942-ல் மோன்பெலியேவில் நடந்ததுதான் 2014-ல் மயூர் விஹாரிலும் நடந்தது. எழுபத்திரண்டு வருஷமாக அந்த மருந்து தன் குணத்தை மறைக்கவே இல்லை. நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பாங்க் பாஷையில் சொன்னால் இது ஒரு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், தேதி வந்தால் பிடித்துக்கொள்ளும். சாப்பாடு என்ற டெபாசிட் விழாத நாளிலும் பற்று எழுதிவிடும். கிளிபென்கிளமைட் 1969-ல் வந்தது. இந்தக் குடும்பத்தில் நீண்ட நேரம் நின்று வேலை செய்கிற ரகம். வயதாகி சிறுநீரகம் மந்தமானால் இன்னும் கூடுதலாகத் தங்கும். அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, அறுபது வயதுக்கு மேல் இது பொருத்தமில்லை என்ற குறிப்பு இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது எழுபத்து மூன்று.

உடனே 'அப்போ இது கெட்ட மாத்திரை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் குதித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்: இந்த மாத்திரை இத்தனை வருஷமாகக் கோடிக்கணக்கான பேருக்குக் குறைந்த செலவில் சர்க்கரையை இறக்கிக் கொடுத்திருக்கிறது. இதே குடும்பத்தில் அப்புறம் வந்த கிளிக்ளசைட், கிளிமிபிரைடு எல்லாம் இன்னும் லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். ஆனால் 'சாப்பாட்டைத் தவறவிடாதே' என்ற நிபந்தனையோடு வருகிற மாத்திரை அது. நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நாங்கள். (லோன் வாங்க வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்லும் வசனம் எனக்கே திரும்பி வந்தது.)

இந்தக் குடும்பத்துக்கு இந்தியச் சட்ட வரலாற்றிலும் ஒரு இடம் உண்டு. பி.காம்.காரனுக்கு இந்த இடத்தில்தான் தூக்கம் கலைந்தது. சல்ஃபோனில்யூரியாவில் முதலில் உலகம் முழுக்கப் பரவியது டால்புடமைட். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனி 1956-ல் கொண்டுவந்தது. இந்தியாவில் யூனிகெம் கம்பெனியும் அதைத் தயாரிக்க, ஹோக்ஸ்ட் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது அமலில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1911-ஆம் வருஷச் சட்டம். 1968-ல் ஹோக்ஸ்ட் ஜெயித்தது. இந்திய மருந்துக் காப்புரிமை வழக்குகளில் பழைய பெரிய வழக்கு ஒன்று, ஒரு சர்க்கரை மாத்திரைக்காக நடந்தது!

அதற்கு முன்பே டெல்லி சர்க்கார் ஒரு தமிழரிடம் வேலையை ஒப்படைத்திருந்தது. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்கும் போனவர். காப்புரிமைச் சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மருந்து, உணவு போன்றவற்றில் பொருளுக்கே ஏகபோக உரிமை கொடுக்காதே. அதைச் செய்யும் முறைக்கு மட்டும் கொடு. அதுதான் 1970-ஆம் வருஷச் சட்டமாகி 1972-ல் அமலுக்கு வந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் குற்றமில்லை. இந்தியக் கம்பெனிகள் வளர்ந்ததும், என் அப்பா மாதிரி வாத்தியார்கள் சம்பளத்துக்குள் மருந்து வாங்க முடிந்ததும் அந்தச் சட்டத்தால்தான். திருச்சி ஜில்லாவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்த அந்த மலிவு மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு கதை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அப்பாவுக்கு மெட்ஃபார்மினும் இன்னொரு புது மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெட்ஃபார்மினின் மூதாதை ஒரு செடி. ஐரோப்பாவில் வளரும் கலேகா அஃபிசினாலிஸ். ஊதாப் பூ பூக்கும், நிறைய மேய்ந்தால் ஆடு மாடுகளுக்கு ஆகாது. அதில் இருக்கும் பொருளுக்கு உறவான குவானிடின், சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1918-ல் கண்டுபிடித்தார்கள். 1922-ல் அயர்லாந்தின் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரண்டு வேதியியல்காரர்கள் மெட்ஃபார்மினைத் தயாரித்துவிட்டார்கள். ஆனால் அதே 1922 ஜனவரியில்தான் கனடாவின் டொரண்டோவில் லியனார்டு தாம்ப்சன் என்ற பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. (இன்சுலின் காப்புரிமையை பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய மருந்துக் கம்பெனி விலைப்பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு டாலர் ஞாபகம் வரும்.)

மெட்ஃபார்மின் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அலமாரியில் கிடந்தது. 1950 வாக்கில் பிலிப்பைன்ஸில் ஒரு டாக்டர் அதை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரையும் குறைவதாக எழுதினார். அதைப் படித்த பாரிஸ் டாக்டர் ஜான் ஸ்டெர்ன், சர்க்கரை நோயாளிகளுக்கே கொடுத்து 1957-ல் முடிவை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் குளுக்கோஃபாஜ், சர்க்கரையைத் தின்னி என்று அர்த்தம்.

அதற்கப்புறமும் அதற்கு நல்ல காலம் வரவில்லை. அதன் பங்காளி ஃபென்ஃபார்மின், ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டி உயிரைப் பறிக்கிறது என்று 1977-ல் அமெரிக்கா நிறுத்தியது. இந்தியாவில் அதற்குத் தடை வர 2003 ஆனது. பங்காளி செய்த பாவம் மெட்ஃபார்மின் தலையிலும் விழுந்து, அமெரிக்காவில் 1995-ல்தான் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி இருபது வருஷம் நடந்த யூ.கே.பி.டி.எஸ். ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. அதில் உடல் பருமனான நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம், வெறும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை விட, சர்க்கரை சம்பந்தப்பட்ட பாதிப்புகள் 32 சதவீதம் குறைந்திருந்தன. அதற்கப்புறம்தான் முதல் மாத்திரை என்ற மரியாதை.

மெட்ஃபார்மின் கணையத்தை விரட்டாது. நாம் தூங்கும்போது ஈரல் தன் பாட்டுக்குச் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடும். (ராத்திரி ஷிப்டில் நோட்டு அடிப்பது மாதிரி!) அந்த உற்பத்தியைக் குறைக்கும். அதனால் தனியாக எடுத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அபூர்வம். தொந்தரவு வயிற்றில்தான்: குமட்டல், வயிற்றுப்போக்கு. சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு மெதுவாக அளவைக் கூட்டினால் பலருக்குச் சரியாகிவிடும். பல வருஷம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் மிகவும் கெட்டுவிட்டால் இது கூடாது. மெதுவாகக் கரையும் ரகத்தில் சில சமயம் காலி ஓடு அப்படியே மலத்தில் வரும். அப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு "டேய், மாத்திரை கரையவே இல்லைடா, டூப்ளிகேட்டு" என்று ரகளை செய்தார். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வந்தது வெறும் கூடு.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அந்த வழியில் வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். நடை, சாப்பாட்டு ஒழுங்கு மட்டும் செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2. அதாவது இந்த நிலையில் நடையும் மாத்திரையும் ஏறக்குறைய சமம். நடைக்குக் காப்புரிமை கிடையாது, எம்.ஆர்.பி.யும் கிடையாது.

அடுத்து அப்பாவுக்கு எழுதிய அந்தப் புது மாத்திரை, சிடாகிளிப்டின். சாப்பிட்டவுடன் நம் குடல் சில ஹார்மோன்களை அனுப்பி, 'சாப்பாடு வந்திருக்கிறது, இன்சுலின் விடு' என்று கணையத்துக்குச் சொல்லும். அந்தச் செய்தியைச் சீக்கிரம் அழித்துவிடும் நொதியைத் தடுப்பது இந்த கிளிப்டின் குடும்பத்தின் வேலை. செய்தி வராவிட்டால் வேலையும் இல்லை. இருப்பைப் பார்த்துவிட்டுப் பற்று எழுதும் ஒழுங்கான குமாஸ்தா. விரதக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது ஏன் ஆறுதல் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் விலை! அப்பாவின் பழைய மாத்திரை ஒரு மாதத்துக்கு ஆன காசில் இது இரண்டு நாள் கூட வராது. ஏன் இந்த விலை என்று தேடினால், பதில் என் ஆபீசிலிருந்து மெட்ரோவில் சில ஸ்டேஷன் தள்ளி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தது.

உலக வர்த்தக ஒப்பந்தத்தின் விளைவாக 2005 ஜனவரி 1 முதல் இந்தியா மருந்துப் பொருளுக்கே இருபது வருஷக் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்தது. அய்யங்கார் போட்ட கதவு மூடப்பட்டது. சிடாகிளிப்டின் அமெரிக்காவின் மெர்க் கம்பெனியுடையது. 2013-ல் மும்பையின் கிளென்மார்க் அதைக் குறைந்த விலையில் வெளியிட்டது. மெர்க் டெல்லியில் வழக்குப் போட்டது. 'காப்புரிமை சிடாகிளிப்டினுக்குத்தான், நாங்கள் விற்பது சிடாகிளிப்டின் பாஸ்பேட் உப்பு' என்பது கிளென்மார்க் வாதம். ஏப்ரல் 2013-ல் தனி நீதிபதி தடை கொடுக்க மறுத்தார். மார்ச் 2015-ல் இரண்டு நீதிபதி அமர்வு தடை கொடுத்தது. அக்டோபர் 2015-ல் இறுதித் தீர்ப்பும் மெர்க் பக்கம். அப்பா முதலில் சாப்பிட்டது அந்த மலிவான ரகம். தீர்ப்புக்கப்புறம் கடையில் 'ஸ்டாக் நஹீன் ஹை' என்றார்கள். செய்தித்தாளில் கோர்ட் செய்தி என்று தாண்டிப் போவோமே, அது எங்கள் வீட்டு மாதாந்திர பட்ஜெட்டில் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

அந்தக் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. செப்டம்பரில் மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடைகளில் 50 மில்லிகிராம் சிடாகிளிப்டின் பத்து மாத்திரை 60 ரூபாய். மூலக்கூறு அதேதான், அளவும் மாறவில்லை. மாறியது தேதி மட்டும். ஃபிக்சட் டெபாசிட்டுக்கு இருக்கிற மாதிரி மருந்துக்கும் ஒரு முதிர்வுத் தேதி உண்டு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இந்த டெல்லியில் இன்னொரு நாடகமும் பார்த்தோம். பயோகிளிட்டசோன் என்று ஒரு மாத்திரை. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைப்பது அதன் வேலை. அதன் சகோதரன் ரோசிகிளிட்டசோன், இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. பயோகிளிட்டசோனுக்கு வந்த சந்தேகம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். 2013 ஜூன் 18 அன்று சுகாதார அமைச்சகம் விற்பனையை நிறுத்திவைத்தது. நாடு முழுக்க டாக்டர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், மலிவான நல்ல மருந்து போய்விடும் என்று. ஜூலை 31-ல் எச்சரிக்கை வாசகத்தோடு தடை நீங்கியது. ஆறு வாரத்தில் கெட்டதாகி மறுபடி நல்லதான மாத்திரை! உண்மையில் அது இரண்டுமே இல்லை. சிலருக்கு நன்றாகப் பொருந்தும். இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ஆகாது. ஆளைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. மனிதர்களில் கூட அப்படித்தானே.

இனி என் முறை.

2019-ல் பாங்க்கின் வருடாந்திர உடல் பரிசோதனையில் என் ஹெச்பிஏ1சி 7.9 என்று வந்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் கணக்கு அது. நேற்றைய உபவாசத்தால் ஏமாற்ற முடியாது. (ஆடிட்டுக்கு முன்னாடி நாள் மட்டும் கணக்கைச் சரி செய்கிறவர்கள் கவனிக்க.) அப்பாவுக்கு நாற்பத்தெட்டில் வந்தது எனக்கு முப்பதுகளிலேயே வந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினார். ஒரு மாத்திரை இரண்டு மூன்று ரூபாய். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 'இவ்வளவு மலிவா? புதுசா எதாவது எழுதுங்க சார்' என்று கேட்டேன். அப்பா கதை தெரிந்தும் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார், "மாத்திரையோட விலை அதோட வயசைத்தான் சொல்லும். குணத்தைச் சொல்லாது."

இந்த வாக்கியம்தான் நான் இத்தனை படித்ததன் மொத்த சாரம்.

இரண்டு வருஷம் கழித்து சிறுநீரில் புரதம் தெரிந்தது. அப்போது டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார். இது வேறு ரகம். ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்தான் இதன் முன்னோர். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று 1880-களில் கண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அதையே மருந்தாக்கினார்கள். சிறுநீரகம் திரும்பப் பிடித்து வைக்கும் சர்க்கரையைப் பிடிக்காமல் வெளியே விட்டுவிடும். எங்கள் பாஷையில் ரைட் ஆஃப். இதே குடும்பத்தின் எம்பாகிளிஃப்ளோசினை இதய நோயும் உள்ள 7,020 பேரிடம் சோதித்து 2015-ல் வெளியிட்டபோது, இதய நோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரையை இறக்குவதற்கு மேல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதால் இதற்குப் புது மரியாதை. கவனிக்க வேண்டியதும் உண்டு: பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், டெல்லி ஜூன் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் நீர்ச்சத்து இறங்கும். வாந்தி பேதி, ஆபரேஷன், முழுப் பட்டினி என்றால் இதை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

இதற்கும் டெல்லி உயர் நீதிமன்றம்தான். டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனி, 2023 வரை ஓடும் இரண்டாவது காப்புரிமையைக் காட்டித் தடை கேட்டது. ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு தடவை ஏகபோகம் கிடையாது என்ற அடிப்படையில் தடை மறுக்கப்பட்டது, 2021 ஜூலையில் மேல் அமர்வும் அதையே உறுதி செய்தது. நான் மாத்திரையை ஆரம்பித்த வருஷமும் 2021தான். எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்ததற்கு யாரென்றே தெரியாத இரண்டு நீதிபதிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தபோது, சுமார் அறுபது ரூபாய் இருந்த மாத்திரை பத்துப் பதினைந்து ரூபாய்க்கு வந்தது. சாந்தினி சௌக் பாகீரத் பேலஸில் மொத்தக் கடைக்காரர் ஒருவர் ஏழெட்டுக் கம்பெனிப் பெட்டிகளை அடுக்கிக் காட்டி, "கௌன்ஸா தூம், பாய் சாப்?" என்று கேட்டபோது காய்கறிச் சந்தை ஞாபகம் வந்தது.

இப்போது எல்லோரும் பேசும் ஊசி மருந்துகளும் குடல் ஹார்மோன் கதைதான். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷத்தில், நம் குடல் ஹார்மோன் மாதிரியே ஒரு பொருள் இருப்பதை 1992-ல் ஜான் எங் என்ற டாக்டர் எழுதினார். 2005-ல் அது மருந்தானது. அந்த வரிசையில் செமாகுளுடைட். அதற்கு அடுத்து வந்த டிர்செபடைட் இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக்கு முதிர்வுத் தேதி 2026 மார்ச். எடை குறைகிறது என்று பாங்க் கேன்டீனில் கூடப் பேச்சு. பேசுங்கள், ஆனால் இதுவும் நிபந்தனைகளோடு வருகிற மருந்துதான்.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. டெல்லியில் 17.8 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. அத்தனை வீட்டிலும் ஒரு மைசூர்பாகு டப்பா இருக்கும். எத்தனை டப்பாவில் பெயர் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கே ஊருக்கு போன் போடுங்கள். அப்பா, அம்மா, மாமியார், மாமனார், யாராக இருந்தாலும் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துப் பெயரை (கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு, கிளிக்ளசைட் அல்லது இன்சுலின் இருந்தால், விரத நாளிலும் காய்ச்சல் நாளிலும் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பதும் நம் ஊரில் சகஜம், அதையும் பாருங்கள். கடையில் கத்தரித்து வாங்கினால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தானாக எதையும் நிறுத்தாதீர்கள், தானாக எதையும் மாற்றாதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது வயது எண்பத்து நாலு. ஒவ்வொரு ஏகாதசிக்கும் முதல் நாள் போன் செய்து, "நாளைக்கு எதைப் போடணும், எதை விடணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறேன், கேட்டுக்கோ" என்று வகுப்பில் ஆஜர் எடுப்பது மாதிரிப் படிப்பார். டப்பா மூடியில் அம்மா கையெழுத்தில் எல்லா மாத்திரைப் பெயரும் தமிழில் ஒட்டியிருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன், 'மெட்ஃபார்மின்' என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி வைத்திருந்தார். வாத்தியார் இல்லையா!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. டெபிட், கிரெடிட் மட்டும் படித்தவன். இதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கு நாலு நல்ல கேள்வி கிடைத்தால் அதுவே போதும். எழுந்து ஒரு நடை போய்விட்டு வாங்க :-)